அரக்கும் பச்சையும்

புடவைக் கடையில் எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாணப் புடவை எடுக்கப் பெண்கள் கிளம்பினால் கூடப் போகிற ஆண்பிள்ளைக்கு இரண்டே வேலை. பையைத் தூக்குவது, எதைக் காட்டினாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்வது. உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்தால் அவன் கொடுத்து வைத்தவன். போன வருஷம் கார்த்திகையில் என் பெண் நீரஜாவின் கல்யாணத்துக்காகத் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் விசாரித்துக்கொண்டிருக்கும் விஷயம் ஆஸ்பத்திரியில் நடந்ததாக எல்லோரும் நினைக்கிறார்கள். நடந்தது அங்கேதான். ஆனால் நான் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டது அந்த ஸ்டூலில்.

சுப்பராமன் சார், நீங்கள் ஜில்லா நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கண் டாக்டர் அனந்தராமன்மேல் வந்திருக்கும் புகாரை விசாரித்துச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் உங்களைக் கேட்டுக்கொண்டது. நீங்களும் பொறுமையாக எல்லோரையும் விசாரித்தீர்கள். என்மேல் தப்பு ஒன்றும் இல்லை என்று எழுதி இந்த வாரத்தோடு முடித்துவிடப் போகிறீர்கள் என்று இன்று காலையில் காதில் விழுந்தது. அதனால்தான் மயிலாப்பூரிலிருந்து கிளம்பி உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். எழுதுவதற்குமுன் நான் சொல்வதையும் கேட்டுவிடுங்கள். நீங்கள் குறுக்கே கேட்க வேண்டிய அவசியம் வராது. எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை.

அடையாற்றில் மரங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியை வெளியிலிருந்து பார்த்தால் யாரோ ஜமீன்தாரின் பங்களா என்று தோன்றும். உள்ளே வந்தால் இருமல் சத்தம்தான். காச நோய்க்கு நாங்கள் பல வருஷம் கொடுத்துவந்த மருந்து பெரிய தண்டனை. மாதக் கணக்கில் தினமும் ஊசி, கூடவே கைநிறைய மாத்திரை. விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். கொஞ்சம் தேறியதும் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். அப்புறம் ரத்தம் கக்கிக்கொண்டு வருவார்கள். அந்த நிலையில்தான் புது மாத்திரை ஒன்று பரீட்சைக்கு வந்தது. வயிற்றைப் புரட்டாது, நோயையும் நன்றாகக் கட்டுப்படுத்தியது. அதில் ஒரே ஒரு குறை. சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும். முதலில் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அந்தச் சமயத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டால் அநேகமாகப் பார்வை திரும்பிவிடும். நிறுத்தாமல் விட்டால் பார்வையே போகும்.

அதற்காகத்தான் காச ஆஸ்பத்திரியில் ஒரு கண் டாக்டர் வேண்டியிருந்தது. என் வேலை சுலபம். மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவர் கண்ணையும் பார்ப்பேன். நிறம் தடுமாறினால் மார்பு டாக்டர் சுந்தரவல்லியிடம் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் மாத்திரையை நிறுத்திப் பழையபடி ஊசிக்கு மாற்றிவிடுவார். அவர் நிதானமானவர், கெட்டிக்காரர். ஒவ்வொரு தடவையும் வராந்தாவில் என்னைப் பார்த்து, "கண்ணெல்லாம் எப்படி இருக்கு சார்?" என்று கேட்பார். நான் சொல்கிற பதிலை அப்படியே நம்புவார்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சீக்கிரம் நிறுத்தினால் பார்வை திரும்பும், தாமதமானால் திரும்பாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. சீக்கிரம் என்றால் எவ்வளவு சீக்கிரம்? கல்யாண வீட்டில் எப்போது இலை போடுவீர்கள் என்று சமையல்காரரைக் கேட்டால் அவர் சொல்கிற பதில் மாதிரி அல்லவா இருக்கிறது? ஒரு மாதம் தாமதித்தால் என்ன ஆகும், மூன்று மாதம் தாமதித்தால் என்ன ஆகும், எந்த இடத்தைத் தாண்டினால் திரும்பி வர வழியில்லை, இதையெல்லாம் யாரும் எழுதவில்லை. எழுதவும் முடியாது. தெரிந்த உடனே எல்லா டாக்டர்களும் நிறுத்திவிடுகிறார்கள். நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் செய்துகொண்டிருந்தார்கள்.

பொன்ராஜ் எங்களிடம் வந்தது போன வருஷம் ஆனி மாதத்தில். திருச்செந்தூர்ப் பக்கம். மீசை முளைக்கும் வயதில் பட்டணத்துக்கு வந்து, அதே ஊர்க்காரரான அய்யாதுரை முதலாளியின் ஜவுளிக் கடையில் சேர்ந்தவன். பட்டுப் பிரிவில் நின்று புடவை காட்டுகிற வேலை. மனைவி முத்துலட்சுமியுடன் ஆதம்பாக்கத்தில் ஓர் ஒண்டுக்குடித்தனம். இருமலைக் கைக்குட்டைக்குள் அடக்கி அடக்கிப் பார்த்திருக்கிறான். ஒருநாள் கல்லாவுக்கு எதிரிலேயே ரத்தம் வந்துவிட்டது. முதலாளி அவனைத் துரத்திவிடவில்லை. குணமாகி வா, உன் இடம் உனக்குத்தான் என்று சொல்லி அனுப்பினாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் மருந்து சாப்பிட்டான்.

நிறம் பார்ப்பதற்கு எங்களிடம் ஜப்பான்காரர்கள் அச்சடித்த ஒரு புத்தகம் இருந்தது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும். பலருடைய வேர்வைக் கை பட்டுப் பட்டு அதன் பக்கங்கள் வெளிறிப்போயிருந்தன. புதிது வரவழைக்க எழுதிப்போட்டும் வரவில்லை. பொன்ராஜைப் பார்த்ததும் எனக்கு யோசனை பிறந்தது. கடையில் விழுகிற பட்டு ரவிக்கைத் துண்டுகளில் நிறத்துக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னேன். அடுத்த தடவையே ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். அரக்கு, மாந்துளிர், கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து என்று ஒவ்வொன்றாக என் மேஜைமேல் பரப்பினான். ஒரே நிறத்துத் துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொல்வேன். யாருக்கும் எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. நல்ல பரீட்சை. இன்றுவரை அதைத்தான் உபயோகிக்கிறோம்.

தீபாவளிக்குள் அவன் சளியில் கிருமி இல்லை. முகம் தெளிந்து உடம்பு பூசினாற்போல ஆயிற்று. தீபாவளி வியாபாரத்துக்குக் கடைக்கே திரும்பிவிட்டான். மருந்து மட்டும் தொடர்ந்தது. ஒருநாள் முத்துலட்சுமி கோயில் பிரசாதமும் பழமும் எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் என் வீடு தேடி வந்து, தாலி தங்கியது டாக்டரய்யாவால்தான் என்று என் மனைவி சூடாமணியிடம் சொல்லிவிட்டுப் போனாள். மார்பைப் பார்த்தது சுந்தரவல்லி, கும்பிடு எனக்கு. நான் மறுக்கவில்லை.

தீபாவளி கழிந்த வாரம் அவன் பரீட்சைக்கு வந்தான். அவனுக்கு இது விளையாட்டு; மற்றவர்கள் தயங்கித் தயங்கிச் செய்வதை அவன் பேசிக்கொண்டே செய்வான். அன்றும் தீபாவளிக் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே செய்தான். முடித்துவிட்டுக் கையை எடுத்தபோது, அரக்குத் துண்டுகளோடு பாசிப்பச்சை ஒன்று கிடந்தது. அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அன்று நான் சுந்தரவல்லியிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் பார்த்துவிட்டுச் சொல்லலாம், ஒரு தடவை கை தவறுவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் லஸ் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது வேறொன்று தோன்றியது. இந்த மாத்திரை கண்ணைத் தொட்ட நாள் எது என்று உலகத்தில் எந்த டாக்டருக்கும் சரியாகத் தெரிந்திருக்காது. நோயாளி தானாக வந்து சொல்லும்போது அது தொடங்கிப் பல நாள் ஆகியிருக்கும். நிறத்தையே தொழிலாகக் கொண்டவன் ஒருவன் என் கண்ணெதிரே தவறியிருக்கிறான். தொடக்கம் என் கையில் கிடைத்துவிட்டது. அதை அன்றோடு நிறுத்தித் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று விதி சொல்கிறது. நடையை மெதுவாக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் இரண்டு துண்டு மாறிக் கிடந்தது. வராந்தாவில் சுந்தரவல்லி கேட்டபோது, "நன்னா இருக்கு" என்றேன்.

இப்போது அந்தக் கடைக்கு வருகிறேன். சூடாமணிக்குக் கூறைப்புடவை அரக்கில் வேண்டும். நீரஜா, புடவை விரிக்கும் மேடைமேல் கிடந்த முப்பது புடவைகளையும் ஒதுக்கிவிட்டு இன்னும் காட்டச் சொன்னாள். எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தவன் பொன்ராஜ்தான். என்னைப் பார்த்ததில் அவனுக்கு ஒரே சந்தோஷம். டாக்டரய்யா வீட்டுக் கல்யாணம் என்று ஸ்டூல் போடச் சொன்னதே அவன்தான். குழல் விளக்கில் நிறம் ஏமாற்றும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பிடித்த புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிரித்துக் காட்டுவது வழக்கம். பொன்ராஜும் ஒரு புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். தெரு வெயிலில் முந்தானையை உதறிப் பிடித்துக்கொண்டு, சூடாமணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பாருங்கம்மா, சுத்தமான அரக்கு" என்றான்.

அவன் கையில் இருந்தது பாசிப்பச்சை.

சூடாமணி முதலில் வேடிக்கை பண்ணுகிறான் என்றுதான் நினைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "என்னன்னா இது, அரக்குன்னு சொல்லிண்டு பச்சையைப் பிடிச்சுண்டு நிக்கறான்?" என்றாள். கல்லாவிலிருந்து அய்யாதுரை முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். பொன்ராஜ் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. புடவையைத் தன் கண்ணுக்கு அருகே கொண்டுபோனான். வெயிலில் திருப்பினான். அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். "கூட்டத்துல மாத்தி எடுத்துண்டு வந்துட்டான், அவ்வளவுதான். அரக்கு உள்ளே இருக்கு" என்று சூடாமணியிடம் சொன்னேன். முதலாளிக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். உள்ளே போய், மேடைமேல் இருந்த ஓர் அரக்குப் புடவையை நானே எடுத்து அவன் கையில் கொடுத்தேன். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். பொன்ராஜ் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அவன் வேலையை நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தான். ஒரு விதத்தில் காப்பாற்றினேன். கடையில் அவன் குட்டு வெளிப்பட்டிருந்தால் அன்றே யாராவது ஆஸ்பத்திரியில் வந்து சொல்லியிருப்பார்கள். அவனுக்கு வேலை போயிருக்கும், எனக்கு அவன் போயிருப்பான். அந்த ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தபோது என் மனத்தில் குழப்பம் இல்லை. சொல்லப்போனால் நிம்மதியாக இருந்தது.

வாரம் ஒரு தடவை வரச் சொல்லியிருந்தேன்; மறுநாள் அந்த முறைக்குக் காத்திராமல் அவனே ஓடி வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை.

"அய்யா, அரக்கும் பச்சையும் ஒண்ணுபோலத் தெரியுது. பத்து நாளா இப்படித்தான் இருக்கு. இந்த மாத்திரையாலதான் இருக்குமோ? நிறுத்திரட்டுமா?"

இந்தக் கேள்வியை நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் முட்டாள் இல்லை. சரியான ஆளிடம் வந்து சரியான கேள்வியைக் கேட்டான். நிறுத்தினால் காசம் திரும்பலாம் என்று சொன்னேன். அதில் பொய் இல்லை. பழைய ஊசிக்கு மாறலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. நோயில் அடிபட்ட உடம்பு, கண்ணும் கொஞ்சம் பலவீனமாகத்தான் இருக்கும், சரியாகிவிடும் என்றேன். ஒரு மூக்குக்கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். அது வெறும் கண்ணாடி. பவர் ஒன்றும் கிடையாது. அடுத்த வாரம் அதைப் போட்டுக்கொண்டு வந்து, கொஞ்சம் தெளிவாகத் தெரிகிற மாதிரிதான் இருக்கிறது என்றான். எனக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது.

சுந்தரவல்லியிடம் போய்விடப் போகிறானே என்று ஓர் ஏற்பாடும் செய்தேன். இந்த நிற விஷயம் வெளியே தெரிந்தால் முதலாளி காதுக்குப் போய்விடும், ஆஸ்பத்திரியிலும் யாரிடமும் மூச்சுவிடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

பொன்ராஜ் ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. இது உங்களுக்கே புரியும். மார்கழிக்குள் இன்னும் இரண்டு பேர் நிறம் தடுமாறினார்கள். திருவல்லிக்கேணியில் மணப்பெண் உடுப்புகளுக்கு ஜரிகை வேலை செய்யும் அன்வரி பேகம். மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கனகராஜ். அன்வரி பேகத்துக்கு ஒரு மாதம் விட்டு நிறுத்தச் சொன்னேன். பார்வை முழுக்கத் திரும்பியது. கனகராஜுக்கு இரண்டு மாதம் விட்டேன். பாதி திரும்பியது. அவர் இப்போது அச்சகத்தில் காகிதம் அடுக்குகிறார். பொன்ராஜைக் கடைசிவரைக்கும் விடுவது என்று வைத்துக்கொண்டேன். ஏன் அவன் என்று கேட்பீர்கள். மற்ற இருவரும் சந்தேகப்படுகிற சுபாவம். அவன் என்னை நம்பினான். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதவன் அவன் ஒருவன்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. தனக்கு என்ன தெரிகிறது என்பதை அவனைப்போலச் சொல்லக்கூடியவன் யாரும் இல்லை. மற்றவர்களைக் கேட்டால் மங்கலாக இருக்கிறது என்பார்கள், அதோடு சரி. பொன்ராஜ், சிவப்பு முதலில் பழுப்பாகி அப்புறம் சாயம் போன துணி மாதிரி ஆயிற்று என்பான். தையில் ஒருநாள், கடையில் புடவையைப் பிரித்துப் போட்டால் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"கரை தெரியுதுங்கய்யா. முந்தானை தெரியுது. நேரா பாத்தா உடம்பு இல்ல. நடுவுல ஓட்ட விழுந்தாப்ல இருக்கு. கண்ண அங்கிட்டு இங்கிட்டு உருட்டித்தான் யாவாரம் பண்ணுதேன்" என்றான்.

நடுப் பார்வை போய் ஓரப் பார்வை மட்டும் மிஞ்சுவதை எத்தனையோ பெரிய டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதவில்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் நீரஜாவின் கல்யாணம் நடந்தது. பொன்ராஜும் முத்துலட்சுமியும் வந்திருந்தார்கள். பந்தியில் அவன் இலையில் பாயசத்தைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கிண்ணத்தை அவன் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கச் சொன்னேன்.

மாசியில் கடையில் அவனால் சமாளிக்க முடியவில்லை. அய்யாதுரை முதலாளி நல்ல மனிதர்தான், புடவை மடிக்கிற வேலையில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தார். மடிப்பு கையால் வந்துவிடும். மடித்ததை எந்த அலமாரியில் வைப்பது? வீட்டுக்கு அனுப்பிவிட்டார். முத்துலட்சுமி அவனைக் கையைப் பிடித்து என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே வந்து கதவோரம் நின்றாள்.

"அய்யா, அவுகளுக்கு எங்காதுல கெடக்க கம்மலு தெரியுதாம். மொகம் தெரியலங்காக. இது திரும்ப வருமா?"

வரலாம் என்றேன். அதுவும் பொய் இல்லை. அந்த நிமிஷம்வரை எனக்கும் தெரியாதே. அவள் அழவில்லை. நான் சொன்னதை அவனிடம் போய்ச் சொன்னாள். பெஞ்சிலிருந்து அவன் என் அறை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டான். திசை கொஞ்சம் தப்பியிருந்தது.

பங்குனியில் மாத்திரையை நிறுத்தினேன். பெரிய எழுத்துகூட அவனுக்குத் தெரியவில்லை, அதற்குமேல் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. எப்படியும் சிகிச்சை முடிகிற தறுவாய்தான். மார்பு முழுக்கக் குணமாகிவிட்டது என்று சுந்தரவல்லி அவனுக்குக் கை கொடுத்தார். அவன் தடவிப் பிடித்துக்கொண்டதை அந்த அம்மாள் கூச்சம் என்று நினைத்திருக்கிறார்.

விஷயம் வெளியே வந்தது வார்டு ஆயா தேவானையால். ஆடியில் மறுபரிசோதனைக்கு வந்தவனைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, நம்ம புடவைக்கட அண்ணன் தூண்ல முட்டிக்கினு போவுது, கண்ணு போச்சா அதுக்கு?" என்று சுந்தரவல்லியிடம் கேட்டிருக்கிறாள். அவர் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். அப்புறம் அன்வரி பேகம், கனகராஜ் என்று ஒவ்வொருவராக விசாரித்திருக்கிறார். நேராக என் அறைக்கு வந்து, ஏன் சார் என்று மட்டும் கேட்டார். நான் விளக்க ஆரம்பித்தேன். எப்போதிலிருந்து எனக்குத் தெரியும் என்பதற்கு வருமுன்பே எழுந்துபோய் நிர்வாகத்திடம் புகார் கொடுத்துவிட்டார். படித்தவர், இப்படிப் பதற்றப்படுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

இதில் என்ன கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். பதில் கிடைத்தது. ஒரு மாதம் தாமதித்தால் திரும்பும், இரண்டு மாதம் என்றால் பாதி, பொன்ராஜ் அளவுக்குப் போனால் திரும்பாது. ஐந்து மாதமாகப் பார்த்துவருகிறேன். விரல் நுனியளவுகூடத் திரும்பவில்லை, இனியும் திரும்பாது. அவனுக்கு இன்னும் இது தெரியாது. தினமும் காலையில் விழித்ததும் முத்துலட்சுமியை ஜன்னல் பக்கம் நிற்கச் சொல்லிப் பார்க்கிறானாம்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. வெளிநாடுகளில் இந்த மாத்திரையின் அளவைக் குறைத்துக் கொடுக்கிறார்களாம். அந்த அளவில் கண் கெடுவது அபூர்வம் என்று செய்தி வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியும் குறைத்துவிட்டது. ஆகவே நான் கேட்ட கேள்வியை இனி அதிகம் பேர் கேட்க மாட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் கேள்வி கேள்விதான். கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன்.

நேற்று பொன்ராஜ் உங்கள் முன்னால் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். முத்துலட்சுமி தெருமுனையில் என்னைப் பார்த்துச் சொன்னாள். அவன் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்து சொன்னதாம்.

"டாக்டரய்யா மேல ஒரு குத்தமும் இல்ல சாமி. கண்ணு மங்குனத நாந்தான் அவுககிட்ட மறச்சேன். சொன்னா வேல போயிரும்னு பயந்துட்டேன். தெரிஞ்சிருந்தா அவுக அன்னைக்கே நிறுத்திருப்பாக."

கடை வாசலில் நான் எழுந்து நின்றதற்கு அவன் பதில் மரியாதை செய்கிறான். அவன் வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நீங்கள் என்னை விடுவிக்கப் போகிறீர்கள்.

அது முழுப் பொய் சார். அவன் எதையும் மறைக்கவில்லை. தீபாவளி கழிந்த வாரமே நான் கண்ணால் பார்த்தேன். கார்த்திகையில் அவனே வந்து சொன்னான், மாத்திரையை நிறுத்தட்டுமா என்று கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். தெரிந்தே தொடரச் சொன்னேன். தெரிந்தே அவன் கண்ணைக் கெடுத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அந்த வார்த்தையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. டாக்டர் பதிவை ரத்து செய்யட்டும், ஜெயிலுக்கு அனுப்பட்டும், அதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்தேன். சூடாமணியிடம்கூடச் சொல்லியாயிற்று. அவள் பெண் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அவன் சொன்னதை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது. அவன் மறைத்தான் என்று ஆகிவிட்டால், அவனுக்கு எப்போது தொடங்கியது என்பதே எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். தொடக்கம் தெரியாத டாக்டருடைய கட்டுரையை எவன் நம்புவான்? இத்தனை மாதமும் வாராவாரம் உட்கார்ந்து பார்த்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். பொன்ராஜின் கண் போனதும் வீணாகிவிடும். அந்தக் கெடுதலை மட்டும் நான் அவனுக்குச் செய்ய மாட்டேன்.